ஜோடி இல்லாதவர்களுக்கு ஆட்டம் இல்லை

1999 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை மாலை, அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி போகும் அரசுப் பேருந்து ஆழ்வார்குறிச்சியில் வெளியூர்க்காரர்கள் இருவரை இறக்கிவிட்டுப் போனது. மழை பெய்துகொண்டிருந்தது.

ஒருவன் இளைஞன். மற்றவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். சலவை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி, கையில் தோல்பை. பார்த்தால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று தோன்றும். ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. ஆனால் இருவரும் தேடி வந்தது ஒரே இடம், கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உரக்கிடங்கு. எதற்காக வந்தோம் என்று வாய்திறக்கக் கூடாது என்பதும் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

அந்தக் கிடங்கில் இப்போது உரம் இல்லை. கேரம் போர்டுகள் இருந்தன. சங்கம் புதுக் கிடங்குக்கு மாறியதும் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் அங்கே ஆட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து அதே போர்டுக்குச் சண்டை போட்டார்கள். சங்கத்தில் எழுத்தராக இருந்த சண்முகசுந்தரியிடம்தான் சாவி. தினமும் பஞ்சாயத்து பேசி அலுத்துப்போய் ஒருநாள் அவள் ஒரு சட்டம் போட்டாள். ஜோடி ஆட்டம் மட்டும்தான். ஜோடியில் ஒருவர் அறுபது தாண்டியிருக்க வேண்டும், மற்றவர் பதினாறு தாண்டியிருக்கக் கூடாது. ஜோடி வராவிட்டால் ஆட்டம் கிடையாது.

இரண்டு கட்சியும் அவளைத் திட்டின. சில நாள் போர்டுகள் சும்மா கிடந்தன. அப்புறம் முறைத்துக்கொண்டே ஜோடி சேர்ந்தார்கள். அது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது சாயங்காலம் கிடங்கில் இடம் பிடிக்க முடியாது.

வரும் பொங்கல் கழிந்ததும் கிடங்கை ஒரு சிமெண்டு வியாபாரிக்கு வாடகைக்கு விடச் சங்கத்தில் பேச்சு நடந்தது. "வெளிய இருந்து யாராவது இத நல்ல காரியம்னு சொல்லட்டும். மத்தவங்க வாயை நான் அடைக்கேன். சும்மா கேரம் ஆடுதாங்கன்னு சொல்லி வாடகைக்கு விடுறத எப்படி நிறுத்த முடியும்?" என்றார் சங்கத் தலைவர். அந்த வருடம் சர்வதேச முதியோர் ஆண்டு. முதியவர்களையும் சிறியவர்களையும் ஒன்றுசேர்க்கும் நல்ல ஊர்த்திட்டங்களைத் தேடி அங்கீகரிக்கப்போவதாகப் பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. சுந்தரி எழுதிப்போட்டாள். சொல்லாமல் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வாசலில் நிழல் விழுந்தாலே அவள் எழுந்து போய்ப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மதினி விஜயஸ்ரீ அடுக்களையில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் நல்ல சேலையா உடுத்திக்க."

"எதுக்கு மதினி?"

"சும்மாதான்... தென்காசி பக்கம் ஒரு இடம். பையனுக்குப் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. கிடங்குல வச்சு ஆள் தெரியாம ஒருதடவ பாத்துட்டுப் போவாவளாம். பையனே வந்தாலும் வரலாம். நான் சொன்னதா உங்க அண்ணன்கிட்ட சொல்லிராத."

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், கோயிலிலோ கடையிலோ வைத்து இப்படி ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம். பெண்ணுக்குத் தெரியாது என்று எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு எப்போதும் தெரியும்.

சுந்தரிக்குப் பெங்களூர் வேண்டாம். தன்னை வளர்த்த அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு எழாது. அவர்களே வேண்டாம் என்று போய்விட்டால்...? பழைய காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.

இளைஞன்தான் முதலில் வந்தான். வாசலில் நின்று குடையை மடக்கி ஓர் உதறு உதறினான். தண்ணீர் முழுவதும், அப்போதுதான் பவுடர் தூவித் தயாராக இருந்த போர்டில் போய் விழுந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள் சுந்தரி.

"மன்னிச்சிருங்க... உள்ள இருட்டா இருந்துது."

"இருட்டுல குடைய உதறலாமா? பவுடர் பூராவும் கூழாயிட்டு."

அவன் சட்டென்று கைக்குட்டையை எடுத்துப் போர்டைத் துடைக்கப்போனான். ஈரக் கைக்குட்டை. கூழ் இன்னும் பரவியது. அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இமையில் மழைத்துளி நின்றது. எதையோ கேட்க வந்து, அதை மறந்துவிட்டது போன்ற கண்கள்... சுந்தரிக்கும் அடுத்து ஏச வந்தது மறந்துபோயிற்று. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சும்மா பார்க்க. ஆக, இவன்தான். பெங்களூர் என்றால் இன்னும் பகட்டாக இருப்பான் என்று நினைத்திருந்தாள். செருப்பில் சேறு, சட்டைப்பையில் மை ஊறிய பேனா...

அந்தச் சமயத்தில் தங்க பிரேம் கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். சுந்தரி ஒரே பார்வையில் முடிவு செய்தாள். அதிகாரி.

"வாங்கய்யா. யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்லம்மா. மழைக்கு ஒதுங்கினேன். சும்மா பாத்துட்டுப் போயிருதேன்."

சொல்லாமல் வருபவர் வேறு எப்படிச் சொல்வார்? கிடங்கில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதைத் துடைத்து அவரை உட்காரவைத்தாள். டீக்கடைக்கு ஆள் போய்க் காப்பி வந்தது. இளைஞனுக்குச் சுவரோரம் கிடந்த ஒரு பழைய பெட்டியைக் காட்டினாள்.

"அங்கன உக்காருங்க. மேல ஒழுகும், பாத்துக்கிடுங்க."

அடுத்து அவள் நேராக முதல் போர்டுக்குப் போனாள். அங்கே ஆடிக்கொண்டிருந்தவர் குற்றாலலிங்கம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எதிரே அவருடைய ஜோடி எப்சி, ஏழாம் வகுப்பு, அரசு ஆஸ்பத்திரி நர்சின் மகள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒருநாளாவது சண்டை போடாமல் ஆடியதில்லை.

"பெரியப்பா," என்று குனிந்து கிசுகிசுத்தாள். "பாளையங்கோட்டையில இருந்து வந்திருக்காவ. அன்னா, நாற்காலியில. இன்னிக்கு ஒருநாள் எப்சியத் திட்டாதிய."

"அந்தப் பெட்டியில உக்காந்திருக்கவன்?"

"அவியளா... அவிய மாப்பிள்ள வீட்டு ஆளு. கண்டுக்கிடாதிய."

குற்றாலலிங்கம் தலையை ஆட்டினார். கனைத்துக்கொண்டார்.

"எப்சியம்மா... நீங்க அடிக்கலாம்."

எப்சி ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "தாத்தா, காய்ச்சல் அடிக்கா உங்களுக்கு?"

"இல்லம்மா. நீங்க ஆடுங்க."

அவள் அடித்தாள். காய் பைக்குப் போகாமல் விளிம்பில் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் அவர் வாயிலிருந்து என்ன வருமென்று கிடங்கே காத்திருந்தது. "நல்ல அடி," என்றார் குற்றாலலிங்கம். எப்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு அவள் அடித்த எதுவும் விழவில்லை. பக்கத்துப் போர்டுகளிலும் பேச்சு நின்றுபோயிற்று. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டியில் உட்கார்ந்திருந்தவனின் பெயர் குமரகுருபரன். அறக்கட்டளையின் பணியாளன். கடந்த சில வாரங்களாக மாவட்டம் முழுவதும் இப்படித் திட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன இடமெல்லாம் பிள்ளைகள் வரிசையாக நின்று பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்தார்கள். அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஓர் ஊரில் அவன் கிளம்பியதுமே பெரியவர்கள் ஒரு வாசல் வழியாகவும் பிள்ளைகள் இன்னொரு வாசல் வழியாகவும் வெளியேறியதைப் பார்த்தான். இங்கே முதலில் திட்டு விழுந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தான். ஆனால் இப்போது இந்தத் திடீர் மரியாதை...

சுந்தரி அவன் பக்கமாக வந்தபோது மெதுவாகக் கேட்டான். "எப்பவும் இவ்வளவு மரியாதையாத்தான் ஆடுவாங்களா?"

"இன்னிக்குத்தான். அறக்கட்டளையில இருந்து அதிகாரி வந்திருக்காவல்ல?" அவள் கண்ணால் நாற்காலியைக் காட்டினாள்.

குமரன் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதரை அவன் பார்த்ததே இல்லை. தன்னைச் சரிபார்க்க இன்னொருவரை அனுப்பியிருக்கிறார்களா? அவனை அனுப்பிய ஞானசிகாமணி சார் அப்படிச் செய்யக்கூடியவர்தான். தான் யாரென்று இப்போது சொல்வதா, வேண்டாமா... குழம்பிப்போய் வாயை மூடிக்கொண்டான்.

"அப்போ மத்த நாள்ல எப்படி?"

கேட்கிறாயா, கேள் என்று சுந்தரிக்குத் தோன்றியது. இவன் ஊருக்குப் போய்ச் சொல்லட்டும்.

"சண்டை. ஒரு ஒழுங்கும் கிடையாது. அந்தப் பெரியப்பா வாயத் திறந்தா காது கூசும். அந்தப் பிள்ளையும் லேசுப்பட்டவ இல்ல. பாசமெல்லாம் இருக்கும்னு நினைச்சிக்கிட்டு வந்தியன்னா ஏமாந்து போவிய. ஜோடி வராட்டா ஆட்டம் கிடையாது. அதான் வாராவ."

"ஜோடி வராட்டா என்ன செய்வாங்க?"

"தேடிப் போவாவ. போன மாசம் பெரியப்பா ரெண்டுநாள் வரல. எப்சி அவுக வீட்டு வாசல்ல போய் நின்னு, தெருவுக்கே கேக்க சத்தம் போட்டா. உள்ள போய்ப் பாத்தா அவரு காய்ச்சல்ல எந்திரிக்க முடியாம கெடக்காரு. தனியா இருக்கவரு. அவதான் அவ அம்மையக் கூட்டியாந்து ஊசி போடவச்சா. அதுக்கும் நன்றியொண்ணும் சொல்லல. ரெண்டு ஆட்டம் போச்சேன்னுதான் ஏசினாரு."

குமரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் அவசரமாக அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"நானும் அப்படித்தான். எனக்கு வாய் நீளம். சமையல் வராது. இந்தக் கிடங்க விட்டுட்டு பெங்களூருக்கெல்லாம் வரமாட்டேன். கல்யாணமே வேண்டாம்னு இருக்கேன். முன்னாடியே சொல்லிருதேன்."

பெங்களூருக்கா? குமரனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு திட்டத்தைப் பார்க்க வந்தவனிடம் இதை ஏன் சொல்கிறாள்? அதைவிடப் புரியாதது, அவள் கல்யாணம் வேண்டாம் என்றதும் தனக்கு ஏன் என்னவோ போலிருந்தது என்பது.

"நான் ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்றான், வேறு எதுவும் தோன்றாமல்.

"வயசு?"

"இருபத்தொம்போது."

"ரெண்டுலயும் சேத்தி இல்ல."

"அப்போ நீங்க?"

சுந்தரி இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். "நானும்தான். அதான் ஆடுறதில்ல. சாவி மட்டும் வச்சிருக்கேன்."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு தனிமையாகக் கேட்டது என்று அவளுக்கே தெரிந்தது. இருவரும் ஒன்றுபோலப் போர்டுகளைப் பார்த்தார்கள். அங்கே இருவருக்குமே இடம் இல்லை.

நாற்காலிக்காரரின் பெயர் சிவசண்முகம். பெங்களூர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அம்பாசமுத்திரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும் வழியில் இறங்கியிருந்தார். காப்பி நன்றாக இருந்தது. பெண் லட்சணமாக இருந்தாள், மரியாதை தெரிந்தவளாக இருந்தாள். ஆனால் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவனோடு ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறாள்? பக்கத்தில் இருந்த குற்றாலலிங்கத்திடம் சாய்ந்து கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பையன் யாரு?"

"அவனா?" கண்டக்டர் குரலை அடக்கத் தெரியாதவர். "அவன்தான்வே மாப்பிள்ள."

சிவசண்முகம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். மழை விடுவதற்குள் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் விஜயஸ்ரீ வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஏளா, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? மாப்பிள்ள வீட்டுல இருந்து ஆள் விட்டுச் சொல்லிட்டாவ. ஒரே நாளைக்கு ரெண்டு இடத்த வரச்சொல்லுவியளோன்னு கேக்காவ."

"எந்த ரெண்டு இடம் மதினி?"

"அவுக தாய்மாமன் நேத்து நேர்லயே வந்து பாத்திருக்காரு. நாற்காலி போட்டு காப்பியெல்லாம் குடுத்தியாமே. ஆனா ஏற்கனவே ஒரு மாப்பிள்ள வந்து சுவரோரமா உக்காந்திருந்தானாம். நீ அவன்கிட்டத்தான் சிரிச்சு சிரிச்சுப் பேசினியாம்."

"நான் சிரிக்கல," என்றாள் சுந்தரி. பிறகு மெல்ல, மிக மெல்ல, விஷயம் இறங்கியது. நாற்காலியில் இருந்தவர் மாப்பிள்ளை வீடு. அப்படியானால் பெட்டியில் உட்கார்ந்து ஒழுகலில் நனைந்தவன்...

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஒழுங்கும் கிடையாது என்றாள். பாசமெல்லாம் இல்லை என்றாள். சண்டை என்றாள். கிடங்குக்குத் தன் கையாலேயே பூட்டுப் போட்டுவிட்டாள். அதுபோதாதென்று, கல்யாணம் வேண்டாம் என்று வேறு... நினைக்கும்போதே முகம் எரிந்தது. தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தானா? மனதுக்குள் சிரித்திருப்பானா?

உள்ளே அண்ணன் இருந்தார். அவர் ஏசவில்லை. பேசவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினாள். ஜங்ஷனில் இறங்கி, பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் அறக்கட்டளை அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்தாள். படியேறும்போது மேலிருந்து இறங்கி வந்தவன் மீது மோதப்போனாள். அதே கண்கள். இன்றைக்கு மழைத்துளி இல்லை, அவ்வளவுதான்.

"நீங்களா..." என்றான் குமரன். "உங்க ஊருக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன்."

"எதுக்கு? இன்னொருதடவ வேடிக்கை பாக்கவா?"

"நான் என்ன வேடிக்கை பாத்தேன்?"

"நீங்க யாருன்னு சொல்லிருக்கலாம்லா? ஒரு பொம்பளப் பிள்ள தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்லுதா, நீங்க பாட்டுக்கு தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருந்திய."

"எனக்கு அப்போ ஒண்ணும் புரியல. நீங்க வேற ஒருத்தர அதிகாரின்னு சொன்னிய. சரி, என்னைச் சரிபாக்க ஆள் அனுப்பிருக்காங்கபோலன்னு இருந்துட்டேன். இங்க வந்து கேட்டபிறகுதான் அப்படி யாரும் இல்லன்னு தெரிஞ்சுது."

அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் தெரியவில்லை. அது கோபத்தைத் தணிக்கவில்லை, திசைமாற்றிவிட்டது.

"போகட்டும். நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். வேற ஆள அனுப்பச் சொல்லுங்க. உங்க அறிக்கை எங்களுக்கு வேண்டாம்."

"நான் எழுதல. எழுத முடியாதுன்னு காலையிலயே சொல்லிட்டேன்."

"அவ்வளவு மோசமாவா இருந்துது?"

"மோசம்னு நான் சொல்லல. நான் எழுதினா... அது நியாயமா இருக்காது. ஏன்னா..."

மாடியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "குமரன், அந்த அம்மா ஆழ்வார்குறிச்சியா? மேல வரச்சொல்லுப்பா."

தேர்வுக்குழுவின் தலைவர் ஞானசிகாமணி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வெள்ளை மீசை, அளந்த பேச்சு. வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். "ஒண்ணும் ஏற்பாடு செய்யக்கூடாது. காப்பிகூட வேண்டாம். இந்தத் தம்பியும் வருவான், ஆனா உள்ள வரமாட்டான். அது அவனே கேட்டுக்கிட்டது."

திரும்பும் பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டும்வரை சுந்தரி அந்த 'ஏன்னா'வையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஏன்னா, என்ன? பரிதாபமா? வெறுப்பா? வேறு ஏதாவதா... வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதுவும் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமையும் மழை. ஞானசிகாமணி சொன்ன நேரத்துக்கு வந்து, கைவைத்த நாற்காலியை மறுத்துவிட்டு, பெட்டியில் உட்கார்ந்தார். குமரன் எதிரே பூட்டிக்கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் குடையோடு நின்றான். சுந்தரி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நடப்பது நடக்கட்டும்.

நடந்தது நல்லதாக இல்லை. குற்றாலலிங்கம் வரவில்லை. எப்சி ஸ்ட்ரைக்கரைத் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். பிறகு திடீரென்று எழுந்து, ஒரு உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினாள். ஞானசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுந்தரி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள்.

சத்தம் முதலில் வந்தது. அப்புறம்தான் ஆட்கள்.

"கைய விடு மூதி. வழுக்கி விழுந்தா ஒங்கப்பனா தூக்குவான்?"

"வீட்டுல உக்காந்து என்ன செய்யுதிய? நானில்லா இங்க சும்மா இருக்கேன்."

"இனி ஆடமாட்டேன்னேன்ல? போன வாரம் ஒன்ன நீங்க நாங்கன்னு கூப்பிட்டு ஆடினதுல எல்லா ஆட்டமும் தோத்தாச்சு. ஊருல அவனவன் சிரிக்கான்."

"அதுக்கு நானா பொறுப்பு? நீங்க மரியாதையாப் பேசினிய, எனக்குக் கை நடுங்கிட்டு."

"ஒனக்கு எப்பதான் கை நடுங்கல. உக்காரு. பையப் பாத்து அடி. கண்ண வீட்டுல வச்சிட்டு வந்திராத."

எப்சி அடித்தாள். காய் விழுந்தது. கிடங்கு முழுவதும் சத்தம் மறுபடி எழுந்தது, யாரோ பொத்தியிருந்த கையை எடுத்ததுபோல.

ஆட்டத்துக்கு நடுவே ஞானசிகாமணி அவளை அழைத்தார். "தாத்தாவத் தேடிப் போனியேம்மா, ரொம்பப் பிரியமோ?"

எப்சி யோசித்தாள். "அவரு வராட்டா எனக்கு ஆட்டம் கிடையாது சார்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?" என்றவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு அறுபது ஆயிட்டா?"

"அது ஆகி ரொம்ப நாளாச்சும்மா."

"ஜோடி இருக்கா?"

ஞானசிகாமணி மனைவியை இழந்து அதிக காலம் ஆகவில்லை. "இல்ல."

"அன்னா, அந்த மூலையில ஒருத்தி சும்மா இருக்கா. அவ தாத்தா மக வீட்டுக்குப் போயிருக்காரு. ஆனா பாத்துக்கிடுங்க, தப்பா அடிச்சா ஏசுவா."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த மூலையிலிருந்தும் ஏச்சு கேட்டது.

சுந்தரி குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். குமரனின் ஒரு பக்கத் தோள் முழுவதும் நனைந்திருந்தது.

"உள்ள வந்தா என்ன? ஒழுகுற இடம் உங்களுக்குப் பழக்கம்தான்."

"வரக்கூடாது. நான் உள்ள இருந்தா நீங்க மறுபடி நடிக்க ஆரம்பிச்சிருவிய."

"அன்னைக்கு உங்ககிட்ட மட்டும்தான் நடிக்கல," என்றாள் சுந்தரி. சொல்லிவிட்டுக் குடையின் கம்பியைப் பார்த்தாள்.

மழை ஓட்டு விளிம்பிலிருந்து வரிவரியாக இறங்கியது.

"அன்னைக்குப் படியில ஏன்னான்னு நிறுத்தினிய," என்றாள். "அங்கேயே நிக்கி அது."

"சொன்னா கோவப்படுவிய."

"கோவப்படுதேன். சொல்லுங்க."

குமரன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீங்க வேற யாரையோ நினைச்சு எங்கிட்ட வேண்டாம்னு சொன்னிய. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துது. ஏன்னே தெரியல. ஊருக்குப் போய் அறிக்கை எழுத உக்காந்தா, கேரமப் பத்தி ஒருவரி எழுதினா உங்களப் பத்தி ரெண்டுவரி வருது. அதான் எழுத முடியாதுன்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நாற்காலிக்காரர் எங்க ஆளு இல்லன்னு தெரிஞ்சபிறகுதான், அந்த வேண்டாம் பெங்களூர் மாப்பிள்ளைக்கு, எனக்கு இல்லன்னு புரிஞ்சுது. அப்போ எனக்குன்னு கேட்டா என்ன சொல்லுவிய... அதக் கேக்கத்தான் திங்கக்கிழமை கிளம்பினேன்."

சுந்தரி ஒரு வாரமாக அவமானம் என்று நினைத்துச் சுமந்தது அவமானமே இல்லையா? அப்படியானால் இது என்ன... எப்போதிலிருந்து? குடையை உதறினானே, அப்போதிருந்தா?

கிடங்குக்குள்ளிருந்து குற்றாலலிங்கத்தின் குரல் தெருவரை வந்தது. "சிவப்புக் காயப் போட்டுட்டுப் பல்லக் காட்டாத. அடுத்த காயப் போடு. இல்லன்னா திருப்பி நடுவுல வச்சிருவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

"கேட்டுதா?" என்றாள். "சிவப்பப் போட்டா மட்டும் ஆட்டம் முடியாது."

"அடுத்த காய் எது?"

"எங்க வீடு. அண்ணன் எங்கிட்டப் பேசி ஒரு வாரமாச்சு. இனி கோயில்ல கிடங்குலன்னு ஆள் தெரியாமப் பாக்க வர வேலையெல்லாம் வேண்டாம். உங்க அம்மையக் கூட்டிட்டு, பேரு சொல்லிட்டு, நேரா வாசல் வழியா வாங்க."

"வந்தா?"

"வந்தா..." சுந்தரி அவனைப் பார்த்தாள். இந்தமுறை கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. வாய் நீளம்னு முன்னாடியே சொல்லிட்டேன். அது பொய்யில்ல. சமையல் வரும்."

கார்த்திகை முடிவதற்குள் குமரகுருபரன் தன் தாயோடு வந்தான். அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி மனைவியிடம் கேட்டார்.

"அன்னைக்குச் சுவரோரமா உக்காந்திருந்த மாப்பிள்ள இவுகதானா?"

"ஆமா, இவுகதானாம்," என்றாள் விஜயஸ்ரீ.

"அப்போ தென்காசிக்காரர் பொய் சொல்லல," என்றார் அவர். அதன்பின் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

அறக்கட்டளை டிசம்பர் கடைசியில் ஐந்து திட்டங்களை அங்கீகரித்தது. ஆழ்வார்குறிச்சிக் கிடங்கு அதில் மூன்றாவது. சங்கத் தலைவர் சொன்னபடி மற்றவர்களின் வாயை அடைத்தார். சிமெண்டு வியாபாரி கடையம் சாலையில் வேறு இடம் பார்த்துக்கொண்டார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. ஞானசிகாமணி வெள்ளிக்கிழமைகளில் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து ஆடிவிட்டுப் போகிறார். கிடங்கின் சட்டம் மாறவில்லை. குமரகுருபரனும் சண்முகசுந்தரியும் அங்கே ஆட இன்னும் வயது ஆகவில்லை.